கூர் இல்லாத கத்தியைப் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு என் வலது தோள்தான் காரணம். கையைத் தூக்கினாலே சுளீர் என்று இழுத்தது. மருத்துவர் பாரம் தூக்காதே என்று மட்டும்தான் சொன்னார். பேனாவும் பாரம்தான் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். இப்போது தேவலை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆட்டுத்தோல் பதனிடக் கற்கப் போவதாக எழுதியிருக்கிறாய். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பள்ளியில் தவளையை அறுத்த அன்று மயங்கி விழுந்த உன்னை முதுகில் சுமந்து வந்தவன் நான், மறந்துவிடாதே! இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. இந்த வேலையைப் பற்றி வாய் வலிக்கப் பேச எனக்கு ஓர் ஆள் கிடைத்தாய்.

தோலின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சதையை வழிக்கும் கத்தி எதை வாங்குவது, எது நல்ல கூராக இருக்கும் என்று கேட்டிருக்கிறாய். கேள்வியிலேயே தப்பு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சவரமே செய்துகொள்ளலாம் போல் ஒரு கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு முதல் செம்மறித் தோலில் இறங்கினேன். உரோமத்துக்குள் ஒரு முள்காய் சிக்கியிருந்ததை நான் பார்க்கவில்லை. அது இருந்த இடத்தில் தோல் ஒரு சின்னக் கட்டி போலத் தூக்கிக்கொண்டு நின்றது. கத்தி அதன் மேல் ஏறியதும் ‘பரக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஓட்டை வழியாக உரோமம் எட்டிப் பார்க்கிறது. அன்றிலிருந்து, தோலை விரித்து வழிக்கும் சாய்வு மரத்தில் போடும் முன் உரோமப் பக்கம் முழுக்க விரலை விட்டுத் துழாவி, முள், மண்கட்டி, சிடுக்கு எல்லாம் எடுத்துவிடுவேன்.

இந்த வேலையில் பெரும்பகுதி அறுப்பதல்ல, தள்ளுவது. நீ வாங்க வேண்டியது இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த நீளக் கத்தி. அலகு முப்பதிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஒரு விளிம்பு மொன்னை, எதிர் விளிம்பு கூர் என்று இருப்பதாகப் பார். கொழுப்பையும் சவ்வையும் மொன்னை விளிம்பால்தான் உருட்டித் தள்ள வேண்டும். கழுத்துப் பக்கம் தசை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே மட்டும் கத்தியைத் திருப்பிக் கூரால் மெல்லச் சீவு. மொன்னை என்றால் விளிம்பு உருண்டு வழுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. விரலை அழுத்தி ஓட்டினால் கீறக்கூடாது, ஆனால் மூலை சதுரமாக நிற்க வேண்டும். அந்த மூலைதான் சவ்வைப் பிடித்துத் தள்ளுகிறது. தச்சர்கள் தன் பக்கம் இழுத்து மரம் சீவுவார்களே, இரட்டைக் கைப்பிடிக் கத்தி, அது கைவசம் இருந்தால் விளிம்பை அரத்தால் மழுக்கிக்கொள். முதல் தோலுக்கு அதுவே தாராளம்.

கத்திக்கு நீ செலவழிக்கும் கவலையில் பாதியை மரத்துக்குச் செலவிடு. தோலை விரிக்கும் சாய்வு மரம் உருண்டையாக, ஒரு கணுவோ பள்ளமோ இல்லாமல் வழவழவென்று இருக்க வேண்டும். தோலுக்கு அடியில் இருக்கும் மேடு எதுவானாலும், அந்த முள்காய் போலத்தான் வேலை காட்டும். கத்தியின் வளைவையும் மரத்தோடு வைத்துப் பார்த்து வாங்கு. நன்றாக உள்வளைந்த கத்தியை அகலமான மரத்தில் வைத்தால் நடு அலகு படாது, இரண்டு ஓரமும் தோலில் குத்தும். மரத்தின் மேல்முனை உன் இடுப்பு உயரத்துக்கு வரட்டும். தோலின் ஓரத்தை மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் நெருக்கிப் பிடித்துக்கொண்டு, கைகளால் தள்ளாமல் உடம்பை முன்னே சாய்த்துத் தள்ளு. என் தோள் இப்படி ஆனது பல வருஷம் கையால் தள்ளியதால்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் கழுத்தில் ஆரம்பித்து வால் பக்கம் போவேன். விலா ஓரம், அக்குள், வயிறு மூன்றும் மெல்லிசு; அங்கே கையைத் தளர்த்திவிடு. உட்பக்கத்தில் மிளகைத் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் உடனே நிறுத்து. அவை உரோம வேர்கள். இன்னும் ஆழம் போனால் உரோமம் கையோடு வந்துவிடும். முயல் தோலுக்கு இந்தக் கத்தியை எடுக்கவே எடுக்காதே, அது காகிதம் மாதிரி. விரலும் மழுங்கிய கரண்டி விளிம்புமே போதும்.

வழித்த பிறகுதான் உப்பு. கொழுப்பு இருக்கும் இடத்தில் உப்பு இறங்காது. உப்பு இறங்காத இடத்தில் நுண்கிருமி பெருகி உரோமம் கொத்தாக உதிரும். ஆகவே உரித்த அன்றே வழித்துவிடு, நாளைக்கு என்று சுருட்டி வைக்காதே. கையுறை கட்டாயம். வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வை. உப்பு பட்ட எஃகு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும்.

வீட்டில் உன் மனைவி இதற்கெல்லாம் என்ன சொல்கிறார் என்று நீ எழுதவே இல்லை. வாடையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டாயா? சொல்லியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா.

என்னிடம் ஒரு பழைய கத்தி சும்மா கிடக்கிறது. கைப்பிடி கொஞ்சம் ஆடுகிறது, அலகு நல்ல அலகு. வேண்டுமென்றால் எழுது, அனுப்பி வைக்கிறேன். முதல் தோலை வழித்து முடித்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து எத்தனை ஓட்டை என்று எண்ணி, கூசாமல் எழுது. எனக்குப் பதினொன்று.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்