கண்மாய் மேட்டில் கோடைக்கால நட்புக் கிரிக்கெட் ஆட இடம் கேட்டு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
ஊர்க் கிரிக்கெட் குழுச் செயலாளர் மற்றும் ஆட்டக்காரர்கள்,
மானாமதுரை வட்டம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: கண்மாய் உள்வாயின் (தண்ணீர் தேங்கும் உட்பகுதியின்) மேட்டு ஓரத்தில் தோண்டப்பட்ட குழிகளை மூடித் தரவும், கோடையில் அங்கே நட்புக் கிரிக்கெட் ஆட அனுமதிக்கவும், ஊருக்கு நிரந்தர விளையாட்டு மைதானம் அமைக்கவும் வேண்டுதல் – சம்பந்தமாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு வணக்கம்.

மானாமதுரை வட்டத்தில் வைகையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் சிறிய கிராமம் எங்களுடையது. கண்மாய்ப் பாசனம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து வரத்துக்கால் ஓடினால் கண்மாய் நிறையும், ஒரு போகம் நெல் விளையும். தை, மாசியில் அறுப்பு முடிந்து பங்குனி வெயில் ஏறும்போது கண்மாய் வற்றிவிடும். அதன் பிறகு பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் அந்த உள்வாயின் மேட்டு ஓரம்தான் எங்களுக்குக் கிரிக்கெட் மைதானம். எங்கள் அண்ணன்மார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

இந்த ஆண்டு அந்த மேட்டில் மூன்று பெரிய குழிகள் கிடக்கின்றன. ஒன்று ஆள் உயரத்துக்கும் மேல். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மனு. அதற்கு முன், அங்கே நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைத் தாங்கள் தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன். கிராமத்துக் கிரிக்கெட் என்றாலே பணம் கட்டி ஆடுகிற பந்தயம், மைக்செட், சண்டை என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது.

நாங்கள் ஆடுவது நட்பு ஆட்டம் மட்டும்தான். நுழைவுக் கட்டணம் இல்லை, கோப்பை இல்லை, பரிசுப் பணம் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பத்து ஊர்களில் அணி இருக்கிறது. ஒரு வாரம் அவர்கள் இங்கே வருவார்கள், மறு வாரம் நாங்கள் அங்கே போவோம். டென்னிஸ் பந்து, பத்து ஓவர். காலையில் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதரைக்குள் முடித்துவிடுவோம், அதற்கு மேல் வெயில் தாங்காது. இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். இரண்டு அணியும் ஆளுக்கொரு பந்து வாங்கி வர வேண்டும். வந்த அணிக்கு நீர்மோர் கொடுப்பது எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊரின் பொறுப்பு. பந்து சீமைக்கருவேல முள்ளுக்குள் போனால் ரெண்டு ரன், கரையில் பட்டால் நாலு. அம்பயராக நிற்பவர் மட்டை பிடிக்கிற அணிக்காரர். எல்.பி.டபிள்யூ. கிடையாது, ரன் அவுட் கொடுப்பதில் வாக்குவாதம் வரும், வந்தால் அந்தப் பந்தை மறுபடி போடச் சொல்லிவிடுவோம்.

பிட்ச் போடுவதே ஒரு வாரத்து வேலை. முதலில் கயிற்றில் 66 அடிக்கு முடிச்சுப் போட்டு இரண்டு பக்கமும் முளை அடிப்போம். 22 கஜம் என்பது அவ்வளவுதான். தரையைக் கொத்திக் கல்லைப் பொறுக்கி, மடைப் பக்கத்திலிருந்து களிமண் கொண்டுவந்து பரப்பி, தண்ணீர் தெளித்து ஒரு ராத்திரி ஊற விடுவோம். எங்கள் பக்கத்துக் கண்மாய் மண்ணின் பக்குவத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மானாமதுரையில் கடம் வனைகிறவர்கள் நம்பி எடுக்கிற களிமண் அது. மறுநாள் சிமெண்டு நிரப்பிய பழைய தார் டிரம்மை நாலு பேர் சேர்ந்து உருட்டுவோம். அந்த டிரம் மழைக்காலம் முழுக்கக் கண்மாயின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு ஓரத்தில் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். மேல்மண் காய்ந்து வெடிக்காமல் இருக்கச் சாணிப்பால் தெளிப்பது வீட்டிலிருக்கும் அக்காமார் சொல்லிக் கொடுத்தது. அப்புறம் முள் பொறுக்குவது. பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக நின்று குனிந்தபடியே மைதானத்தை ஒரு முறை கடந்தால்தான் செருப்பில்லாமல் ஓடலாம்.

கோடையில் வயலில் கிடை போடுவதற்காக, அதாவது உரத்துக்கு ராத்திரி ஆடுகளை அடைப்பதற்காக, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். சாயங்காலம் ஆடுகள் குறுக்கே வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் ஒதுங்கி நிற்போம். அவர்கள் பாதை அது. பிட்சை மிதிக்காமல் ஓட்டிப் போக அவர்களும் பழகிவிட்டார்கள்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவர்கள், சென்னையில் ஹோட்டல் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வருபவர்கள் எல்லாரும் சித்திரையில் வீர அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்துக்கு ஊர் வந்து சேருவார்கள். வந்ததும் முதலில் கேட்பது, "மேட்டுல மேட்ச் எப்ப?" என்றுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் ஊரில் எல்லாத் தெருவும் எல்லாக் காரியத்துக்கும் ஒன்றாக நிற்பதில்லை. ஆனால் அந்த மேட்டில் பதினொரு பேரைப் பிரிக்கும்போது யார் பந்து போடுவான், யார் கீப்பர் நிற்பான் என்றுதான் பேச்சு வரும். எந்தத் தெரு என்ற பேச்சு வராது. ஒரே குடத்துத் தண்ணீரை ஒரே டம்ளரில் குடிக்கிறோம். வரத்துக்கால் தண்ணீர்த் தகராறில் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து ஊர்க்காரர்கள் இன்று எங்களோடு ஆட வருகிறார்கள். அவர்களை முதன்முதலில் கூப்பிடப் போனபோது எனக்குக் கால் நடுங்கியது உண்மை. போய்ச் சொன்னதும், "பந்து யாரு எடுத்துட்டு வர்றது?" என்று மட்டும்தான் கேட்டார்கள். சென்ற ஆண்டிலிருந்து பெண் பிள்ளைகளும் காலையில் ஒரு மணி நேரம் ஆடுகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு அணி கட்ட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

இப்போது குழிகளுக்கு வருகிறேன்.

கண்மாயில் வண்டல் எடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் மாட்டோம். 2024-ஆம் ஆண்டு அரசு நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று கொண்டுவந்தது எங்கள் குடும்பங்களுக்கெல்லாம் உதவியாக இருந்தது. என் தகப்பனாரும் வண்டல் எடுத்து வயலில் கொட்டியிருக்கிறார், அந்தப் போகத்தில் பயிர் நின்ற விதமே வேறு. ஆனால் வண்டல் எங்கே இருக்கும்? தண்ணீர் கடைசிவரை நிற்கிற இடத்தில், மடையை ஒட்டிய பள்ளத்தில்தான். நாங்கள் ஆடுகிற மேட்டு ஓரத்தில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சரளை. எந்த விவசாயியும் தன் வயலில் சரளையைக் கொட்ட மாட்டார். அப்படியிருக்க, வண்டலுக்கு என்று வந்த வண்டிகள் அந்த மேட்டை ஏன் தோண்டின, ராத்திரியில் ஏற்றிப் போன லோடு எங்கே போனது என்பதைத் தாங்கள்தான் விசாரிக்க வேண்டும். யார் பெயரையும் நான் சொல்லவில்லை. நேரில் வந்து குழியின் பக்கச் சுவரைப் பார்த்தாலே தெரியும்: மேலே ஒரு சாண் கருப்பு, அதற்குக் கீழே அடிவரைக்கும் சிவப்புச் சரளை.

சென்ற ஆண்டு மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அப்போது ஒரு குழிதான் இருந்தது. சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டு ஆடிக்கொண்டிருந்தோம். கடைசி ஓவரில் பந்து உயரமாகப் போனது. எங்கள் அணியில் பதினொன்றாம் வகுப்பு முடித்த ஒரு தம்பி, பந்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே ஓடினான். இரண்டு அணியும் சேர்ந்து "குழி, குழி" என்று கத்தினோம். கயிற்றோடு சேர்ந்து உள்ளே விழுந்தான். காறை எலும்பு முறிந்துவிட்டது. முதலில் குழிக்குள் குதித்து அவனைத் தூக்கியவர்கள் எதிரணிக்காரர்கள். அவர்கள் வந்த சரக்கு வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இன்றுவரை அவனால் கையை முழுதாகச் சுற்றிப் பந்து போட முடியவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கோடையில் நாங்கள் ஆடவில்லை. இப்போது குழி மூன்றாகியிருக்கிறது. கிரிக்கெட்டை விடுங்கள், மழைக்காலத்தில் தண்ணீர் நிரம்பினால் அங்கே குழி இருப்பதே தெரியாது. மேட்டில் முழங்கால் ஆழம்தானே என்று குளிக்க இறங்குகிற பிள்ளைகளையும், மேய்கிற மாடுகளையும் நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கடந்த ஜனவரி 26 கிராம சபையில் இதைச் சொன்னோம். ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் நடப்பதால், யாரிடம் தொடர்ந்து கேட்பது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் தங்களைத் தேடி வந்திருக்கிறோம்.

எங்கள் முதல் கோரிக்கை, மேட்டிலுள்ள மூன்று குழிகளையும் மூடிச் சமன் செய்து தர வேண்டும் என்பது. மண் தள்ளுவதற்கு ஒரு பொக்லைன் ஒரு நாள் வந்தால் போதும், மிச்ச வேலையை நாங்கள் கையால் செய்துகொள்வோம். அடுத்தது, இனி வண்டல் அனுமதி கொடுக்கும்போது கிராம நிர்வாக அலுவலர், நில அளவையர் முன்னிலையில் எடுக்கும் இடத்தைக் கல் நட்டுக் காட்டி, இந்த மேட்டில் சுமார் இரண்டு ஏக்கரை விட்டுவிடச் சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் காலை மாலை வேளைகளில் அங்கே நட்பு ஆட்டம் ஆடலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தால் பெரிய உதவி. ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து ஆட்டத்தை நிறுத்துவதும், இது பணப்பந்தயம் இல்லை என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருப்பதும் அதோடு தீரும்.

கண்மாய் நீர்நிலை என்பது எங்களுக்குத் தெரியும். அதை நிரந்தர மைதானமாக்கக் கேட்பது தவறு, நாங்கள் கேட்கவும் இல்லை. அங்கே சிமெண்டுப் பிட்ச் போட மாட்டோம், கம்பம் நட மாட்டோம், பிளாஸ்டிக் குப்பையை விட்டுவிட்டு வர மாட்டோம். வரத்துக்காலில் முதல் தண்ணீர் வந்ததும் ஸ்டம்ப்பைப் பிடுங்கிக்கொண்டு கரையேறிவிடுவோம்.

நிரந்தர மைதானத்துக்கு எங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்று இருக்கிறது. ஊருக்கு மேற்கே அரசுத் தரிசு நிலம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. உள்ளே ஆள் நுழைய முடியாது. தாங்கள் வருவாய்த் துறை மூலம் அதை அளந்து, தகுதியான இடம் என்றால் ஊராட்சியின் விளையாட்டுத் திடலாக ஒதுக்கித் தர வேண்டும். விளையாட்டுத் திடல் அமைப்பது நூறு நாள் வேலைத் திட்டத்தில் செய்யக்கூடிய பணிதான். முள்ளை வெட்டி நிலத்தைச் சமன் செய்தால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் கொஞ்ச நாள் வேலை கிடைக்கும். 2024-இல் மதுரையில் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டத்தில் எங்கள் ஊராட்சிக்கும் மட்டை, ஸ்டம்ப், வாலிபால் எல்லாம் வந்தன. கொடுத்த பொருளை வைத்து ஆட ஒரு தரைதான் இல்லை.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் இப்படி டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர்தான். 2020 டிசம்பர் தொடங்கி 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக ஆடினார். பிறகு சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்தார். அவரைப் பார்த்து எங்கள் பிள்ளைகளுக்கும் கனவு உண்டு. ஆனாலும் நான் உள்ளதைச் சொல்கிறேன்: எங்களில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் தோல் பந்தைத் தொடப்போவதில்லை. பத்து மாதம் வயலிலும் வெளியூரிலும் உழைத்துவிட்டு இரண்டு மாதம் சேர்ந்து ஓடியாட ஓர் இடம் வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

பள்ளித் தேர்வுகள் முடிந்து, ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இந்த ஆண்டின் முதல் ஆட்டம் வைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். சென்ற ஆண்டு குழிக்குள் குதித்துத் தூக்கிய அதே ஊர் அணிதான் வருகிறது. அதற்குள் குழிகள் மூடப்பட்டால் அங்கே ஆடுவோம். மூடப்படாவிட்டால் பிள்ளைகளை அங்கே இறக்க மாட்டோம், ஆட்டத்தை ரத்து செய்துவிடுவோம். குழிகளின் புகைப்படங்களையும், ஊர்ப் பெரியவர்களும் இளைஞர்களும் போட்ட கையெழுத்துகளையும் இந்த மனுவோடு இணைத்திருக்கிறோம். தாங்கள் நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் எந்த நேரம் என்றாலும் கலுங்குப் பக்கம் வந்து காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிரிக்கெட் குழுச் செயலாளர் மற்றும் ஊர் இளைஞர்கள்

இடம்: சிவகங்கை (மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம்)
நாள்: 24.03.2025, திங்கட்கிழமை