சூலூர் விமானப்படைத் தளத்தின் பராமரிப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளே,

வணக்கம். விமானப் பாகங்களைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும் வேலையில் காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். 2018இல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு சூலூருக்கு வந்ததிலிருந்து, வானில் அதன் சத்தம் கேட்டால் மாடிக்கு ஓடிவிடுவேன். அந்த உரிமையில்தான், அதன் உடலில் கண்ணுக்குத் தெரியாத உள்காயங்களைக் கண்டுபிடிப்பது பற்றி எழுதுகிறேன்.

தேஜஸ் உடற்கூட்டின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன் இழைக் கலவை. அலுமினியத்தில் அடிபட்டால் நெளிவு தெரியும். கார்பன் இழை அப்படியல்ல. மேற்பரப்பு வழவழப்பாகவே இருக்கும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தம்பி கைதவறி ஸ்பேனரை இறக்கைப் பலகையில் போட்டுவிட்டான். தடவிப் பார்த்தோம், ஒன்றுமில்லை. காசால் தட்டி ஓசை மாறுகிறதா என்று கேட்டோம், சந்தேகம்தான் மிஞ்சியது. ஃபிளாஷ் விளக்கை அடித்து வெப்பக் கேமராவில் பார்த்தபோது, சுற்றிலும் ஆறிக்கொண்டிருந்த பரப்பில் ஒரு ரூபாய்க் காசளவு இடம் மட்டும் சூடாகவே நின்றது. பிரிந்த அடுக்குகளுக்கிடையே புகுந்த காற்று, வெப்பத்தைக் கீழே இறங்கவிடவில்லை.

அவன் மறைக்காமல் சொன்னதால் பார்த்தோம். யாரும் சொல்லாத அடிகளை என்ன செய்வது?

என் வேண்டுகோள் ஒன்றுதான். ஒவ்வொரு விமானமும் தளத்துக்கு வந்ததும் முழு உடலையும் வெப்பப் படம் எடுத்து, அதன் வால் எண்ணில் சேமியுங்கள். உள்ளிருக்கும் விறைப்புச் சட்டங்கள், பசை தடித்த இடங்கள் எல்லாமே படத்தில் தெரியும். முதல் படம் கையில் இல்லாவிட்டால், எது பிறவி மச்சம், எது புதுக் காயம் என்று அனுபவசாலியே தடுமாறுவார்.

தடித்த இறக்கை அடிப்பகுதிக்கு இதை நம்ப வேண்டாம். காயத்தின் ஆழம் இரட்டித்தால் அது வெப்பப் படத்தில் தெரிய ஆகும் நேரம் நான்கு மடங்காகும், படமும் மங்கும். அங்கே அல்ட்ராசோனிக்தான், அதாவது காதுக்குக் கேளாத ஒலியலையை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனை. ஆனால் அங்குலம் அங்குலமாக ஜெல் தடவி ஒரு விமானம் முழுவதையும் தேட எத்தனை நாளாகும்! சந்தேக இடத்தைக் கேமரா காட்டட்டும், அதை அல்ட்ராசோனிக் உறுதிசெய்யட்டும். வெயிலில் நின்ற விமானத்தை மட்டும் உடனே சோதிக்காதீர்கள். ஹேங்கருக்குள் சீராக ஆறட்டும்.

இதை ஏற்கெனவே செய்துவந்தால் என் மனம் நிறையும். இல்லையென்றால், அடுத்து வந்திறங்கும் விமானத்திலிருந்தே தொடங்குங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சோதனையாளர் ஒருவர்,
கோவை