ஒளிப்படச் சங்க ஆண்டறிக்கை: மாணவர் பிரிவின் மங்கலும் விளக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. உலக ஒளிப்பட நாளான ஆகஸ்ட் 19 அன்று, ஆங்கிலேய ஒளிப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் நம் மதுரையில் எடுத்த படங்களின் பிரதிகளைப் பார்த்துப் பேசினோம். மற்ற விவரங்கள் நடவடிக்கைப் பதிவேட்டில் உள்ளன. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை மாணவர் பிரிவுக்கே ஒதுக்குகிறேன். அவர்கள் இந்த ஆண்டு செய்தது அப்படிப்பட்ட வேலை.

சேர்ந்த அன்றே எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் கரைந்து போவது எப்படி?" விலை உயர்ந்த லென்ஸ் இருந்தால்தான் முடியும் என்று நம்பியிருந்தார்கள். சங்கத்தில் இருப்பதோ 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றுதான் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, மங்கலும் அதிகம்). அதைக் கேமராவில் பொருத்தி, நீண்ட தாழ்வாரத்தில் ஒரு மாணவரை ஒன்றரை மீட்டர் தொலைவில் நிறுத்தினோம். அவருக்குப் பின்னால் ஒரு சீரியல் செட். விளக்குச் சரம் கேமராவிலிருந்து 2 மீட்டரில் இருந்தபோது ஒளிப்புள்ளிகள் சிறிதாகவே மங்கின. அதை 10 மீட்டருக்கு நகர்த்தியதும் ஒவ்வொரு புள்ளியும் மூன்று மடங்குக்கும் மேல் பெரிய வட்டமாக விரிந்தது. அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் பெரிய மாற்றம் இல்லை. அப்போது நாம் முகத்தை நெருங்கினால்தான் மங்கல் கூடுகிறது. இதைப் பாடமாகச் சொல்லாமல் அளவுநாடாவைக் கையில் கொடுத்தோம். அவர்களே அளந்து, அவர்களே எழுதி வைத்தார்கள்.

கார்த்திகை மாலை மொட்டை மாடியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கறுப்பு சார்ட் அட்டையில் ஓர் உருவத்தை வெட்டி லென்ஸின் முன் வைத்தால், மங்கிய விளக்குகள் எல்லாம் அந்த உருவத்தையே எடுத்துக்கொள்ளும். மாணவர்கள் மீனை வெட்டினார்கள். மதுரைப் பிள்ளைகள் வேறு எதை வெட்டுவார்கள்! முதல் மீன் 5 மி.மீ. நீளம்தான். படம் இருண்டது, மங்கலும் போய்விட்டது. அடுத்தது 5 செ.மீ. நீளம். அந்த லென்ஸின் திறப்பு ஏறத்தாழ 28 மி.மீ.தான் என்பதால் தலையும் வாலும் வெளியே போய்விட, மீனும் இல்லாமல் வட்டமும் இல்லாமல் ஓர் உருவம் வந்தது. மூன்றாவதை 2 செ.மீ. நீளத்துக்கு வெட்டியதும் எதிர்த்தெருவின் அகல்விளக்குகள் அத்தனையும் பொன்மீன்களாயின.

அப்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஐயா, முன்னால் இருக்கும் விளக்கில் மட்டும் மீன் தலைகீழாக, எதிர்ப்பக்கம் பார்க்கிறதே, ஏன்?" என்றார். லென்ஸுக்கு அருகே கைப்பிடிச் சுவரில் வைத்திருந்த அகலைத்தான் அவர் காட்டினார். முப்பது ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். இதை நான் கவனித்ததே இல்லை. நம் உறுப்பினரான இயற்பியல் ஆசிரியர் தரையிலேயே சாக்கட்டியால் கோடு போட்டுக் காட்டினார். தொலைவிலுள்ள விளக்கின் கதிர்கள், படம் பதியும் சென்சாருக்கு முன்பே குவிந்து, ஒன்றையொன்று கடந்து அதன்மேல் விழுகின்றன. அருகிலுள்ள விளக்கின் கதிர்களோ குவிவதற்கு முன்பே விழுந்துவிடுகின்றன. அதனால் ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் பதிகிறது. அந்தச் சாக்கட்டிக் கோடுகளைச் சுற்றிப் பிள்ளைகள் குந்தியிருந்த காட்சிதான் இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி.

செல்பேசி மட்டுமே வைத்திருப்பவர்களையும் ஒதுக்கவில்லை. அதன் லென்ஸ் திறப்பு சில மில்லிமீட்டர்தான் என்பதால், 'போர்ட்ரெய்ட்' முறையில் மங்கல் பெரும்பாலும் கணக்கிட்டுச் சேர்க்கப்படுகிறது. மல்லிகைச் சரத்தின் ஓரங்களை அது பின்புலம் என்று நினைத்து அழித்துவிடுவதை மாணவர்களே கண்டுபிடித்தார்கள். பூவுக்கு மிக அருகே போய் எடுத்தபோது, அதே செல்பேசியில் உண்மையான மங்கல் கிடைத்தது.

எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் கோடு கோடாக விழுந்ததற்கும் காரணம் தேடினோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை அந்த மினுக்கலோடு பொருந்தும்படி 1/100 அல்லது 1/50 நொடிக்கு வைத்ததும் கோடுகள் மறைந்தன. எஃகு நாரைக் கொளுத்திச் சுழற்றும் படத்துக்கு அனுமதி கேட்டார்கள்; தீப்பொறிக்குப் பயந்து மறுத்தேன். அந்த முடிவில் மாற்றமில்லை.

தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்துக்குச் சென்றோம். கரையில் பூ விற்கும் பாட்டியை, அவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு மாணவர் எஃப் 1.8-இல் எடுத்தார். விளக்கு அலங்காரம் வெறும் வண்ணக் குமிழிகளாகிவிட்டது. எந்த ஊரிலும் எடுத்திருக்கலாம் போன்ற படம் அது. பிறகு எஃப் 5.6-க்கு மாற்றி எடுத்தார். மைய மண்டபத்தின் வடிவம் பாட்டியின் தோளுக்குப் பின்னால் மெல்லத் தெரிந்தது. என் மனம் இரண்டாவது படத்தின் பக்கம்தான். மாணவர்களில் பாதிப்பேர் இதை ஏற்கவில்லை. அந்த விவாதம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மழைக்காலத்தில் அந்த ஒரே லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை படிந்துவிட்டது. சுத்தம் செய்துவிட்டோம், இப்போது சிலிக்கா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்திருக்கிறோம். ஒரு லென்ஸுக்காகப் பிள்ளைகள் வரிசையில் காத்திருப்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. வரும் ஆண்டில் அதே வகையில் இன்னொரு லென்ஸும் ஒரு முக்காலியும் வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். மூத்த உறுப்பினர்கள் பயன்படுத்தாத கருவிகளை இரவலாகவேனும் தந்து உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காக முன்வைக்கிறேன்.

செயலாளர்