இரவில் இறங்காத பிரஷர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரஷர் மாத்திரை சாப்பிடுபவரிடம் உப்பைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள்; தூக்கத்தைப் பற்றிக் கேட்பவர் குறைவு. தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். தூக்கம் கெட்டால் பலருக்கு அது இறங்குவதில்லை. அதனால் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளுக்கு இரவிலும் அந்த அழுத்தத்திலிருந்து ஓய்வில்லை. நாளடைவில் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்குகிறது.

குறட்டையை அசதி என்று விட்டுவிடுகிறோம், இது பெரிய தவறு. குறட்டை சட்டென்று நின்று, பத்து நொடிக்கு மேல் மூச்சே இல்லாமல் கிடந்து, திணறலோடு மறுபடி தொடங்கினால் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் குறையும், அழுத்தம் எகிறும். பக்கத்தில் படுப்பவர்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். போனில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிறுநீர் கழிக்க இரவில் பலமுறை எழுகிறீர்களா? நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுவதும் காரணமாகலாம். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள், சிறுநீரகம் கெடத் தொடங்கினாலும் அது தாமதமாகத்தான் ஏறும். காலை முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தை ஆண்டுக்கு ஒருமுறை பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மறுபரிசோதனை அவசியம்.

உடம்பு வலியில் தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போடுவதைத் தயவுசெய்து விடுங்கள். அது அழுத்தத்தையும் ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும்.

இப்படிக்கு,
சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்கள்,
மதுரை