பேக்பைப்பை மெதுவாக ஊதச் சொல்ல முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐரிஷ், ஸ்காட்டிஷ் நாட்டுப்புற இசையோடு பங்க் ராக்கைக் கலக்கும் கெல்டிக் பங்க் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "நாலு கார்டு, நாற்பது குடிகாரர்கள், கச்சேரி தயார்." (கார்டு என்றால் கிதாரில் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு.) வாசகரைச் சிரிக்க வைக்க எழுதியிருப்பார். மேடை ஒலி பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

டிராப்கிக் மர்ஃபீஸ் என்ற கெல்டிக் பங்க் குழுவின் மேடையில் ஒலிக்கிறதே, அந்த ஹைலேண்ட் பேக்பைப்பில் மொத்தம் ஒன்பது சுரம். 'ஏ' என்று பெயர், ஆனால் மற்றக் கருவிகளின் 440 ஹெர்ட்ஸில் நிற்காது. இன்றைய பைப்புகளில் 470-ஐயும் தாண்டும். கிதாரோடு சேர வேண்டுமானால் 466-க்கு, அதாவது கிதாரின் பி-ஃபிளாட்டுக்கு, செய்த சாண்டர் (விரல் துளைகள் உள்ள குழல்) வேண்டும். அது இல்லாதவர் ரீடை, அதாவது சீவாளியை, சற்று வெளியே இழுத்து, துளைகளின் மேல்விளிம்பில் டேப் ஒட்டி இறக்குவார். பிறகு மூன்று டிரோன்களையும், அதாவது ஒத்தையும், அதற்குக் கூட்ட வேண்டும். விளக்குச் சூடு ஏறினால் சுருதியும் ஏறும், மறுபடி முதலிலிருந்து. "கொஞ்சம் மெதுவாக ஊதுங்கள்" என்று கேட்கவும் வழியில்லை, அந்தக் கருவிக்கு ஒரே சத்தம்தான்.

பாஞ்சோ இன்னும் மோசம். அதன் முகமே தோல். பக்கத்தில் ஸ்னேர் டிரம்மில் அடி விழுந்தால் கூடவே அதிரும். மைக்கைக் கூட்டினால் பாஞ்சோவுக்கு முன் டிரம்ஸ் வந்து நிற்கும். தோலுக்குப் பின்னால் துணி அடைத்து, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வைத்து, அடிச்சுரத்தை வெட்டினால்தான் கேட்கிற மாதிரி இருக்கும். அக்கார்டியனுக்கு இரண்டு பக்கமும் மைக். இடக்கை துருத்தியோடு போய் வருவதால் அந்தப் பக்க மைக்கைக் கருவியிலேயே மாட்ட வேண்டும். நாலு கார்டு!

இது முதல் தடவையும் அல்ல. இலன் பைப் என்ற அயர்லாந்துப் பேக்பைப்பை "வாயால் ஊதும் கருவி" என்றீர்கள். முழங்கையால் துருத்தியை அமுக்கி வாசிப்பது அது. போரான் என்ற ஐரிஷ் தோல்கருவியைக் கஞ்சிரா என்றீர்கள். கஞ்சிரா மரபாக உடும்புத்தோல், விரலால் வாசிப்பது. போரான் ஆட்டுத்தோல், குச்சியால். தங்களுக்குத் தெரியாததா? 2023 நவம்பரில் போக்ஸ் குழுவின் பாடகர் ஷேன் மெக்கோவன் மறைந்தபோது வந்த இரங்கல் குறிப்பில் குடிக்கு எட்டு வரி, பாட்டுக்கு ஒன்று. அந்த ஒன்றிலும் போக்ஸ் குழுவை டப்ளினில் பிறக்க வைத்தீர்கள். 1982-இல் லண்டன் கிங்ஸ் கிராஸில் தொடங்கிய குழு அது. அதே குழுவின் ஸ்பைடர் ஸ்டேசி பீர்த் தட்டைத் தலையில் அடித்துக்கொண்டாரே, அதுகூடப் போதையில் அல்ல ஐயா, தாளத்துக்கு.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது புல்லாங்குழல் அல்ல, நேராகப் பிடித்து ஊதும் டின் விசில். டிராப்கிக் மர்ஃபீஸ் 1996-இல் தொடங்கியது அயர்லாந்தில் அல்ல, மாசசூசெட்ஸின் குவின்சியில். இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லை என்றால் விசிலை மட்டுமாவது.

இப்படிக்கு,
மேடை ஒலி அமைப்பாளர் ஒருவர்,
கோவை