மசசாகா பாம்பைக் கண்டால் கொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கோடை முகாம்களுக்காக நம் குடும்பங்கள் பல கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் புறப்படும் இவ்வேளையில், அங்கு வாழும் மசசாகா என்னும் சிறிய கிலுகிலுப்பைப் பாம்பைப் பற்றி எழுத விரும்புகிறேன். ஒன்டாரியோவில் இன்று எஞ்சியுள்ள ஒரே நச்சுப்பாம்பு இதுதான். சாம்பல் நிற உடலில் கரும்பழுப்புத் திட்டுகள் கொண்ட இது, பெரும்பாலும் முக்கால் மீட்டருக்கு மேல் வளர்வதில்லை. வால் நுனியை ஆட்டி அது எழுப்பும் ஓசை, புல்லுக்குள் வண்டு இரைவதைப் போலவே கேட்கும்.

'பெரிய ஆற்று முகத்துவாரம்' எனப் பொருள்படும் ஒஜிப்வே மொழிச் சொல்லிலிருந்தே இதன் பெயர் வந்தது. நம்மவர் பலர் குடியிருக்கும் மிசிசாகா நகரின் பெயருக்கும் அதே மூலம்தான். பெயருக்கேற்ப ஈரநிலத்தை நம்பியே இது வாழ்கிறது. நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே நிலத்தடி நீர் எட்டும் பொந்துகளில் குளிர்காலத்தைக் கழிப்பதால், சதுப்பு நிலங்களை வடித்து வயலும் வீடுமாக்கிய இடங்களிலெல்லாம் இது அருகிப்போயிற்று. அமெரிக்காவிலும் 2016ஆம் ஆண்டில் இது அச்சுறுத்தலுக்குள்ளான இனமாகப் பட்டியலிடப்பட்டது.

நாகத்துக்கும் புடையனுக்கும் அஞ்சி வளர்ந்த நமக்கு, பாம்பைக் கண்டதும் தடியைத் தேடும் பழக்கம் இருப்பது இயல்பே. ஆனால் யூலை மாதத்தில் வெட்டவெளிப் பாறையில் அசையாமல் வெயில் காயும் மசசாகா பெரும்பாலும் சினைப் பெண் பாம்பாகவே இருக்கும். முட்டையிடாமல் குட்டி போடும் இப்பாம்பு இவ்வளவு வடக்கே ஆண்டுதோறும் ஈனுவதுமில்லை. ஆகவே அங்கே ஒன்றை அடித்தால் ஒரு தலைமுறையே போய்விடுகிறது. இதைக் கொல்வது சட்டப்படியும் குற்றமாகும்.

இதன் நஞ்சை அற்பமாக எண்ணக் கூடாது. கடித்த இடத்தை அறுக்கவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ செய்யாமல் உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எனினும் ஒன்டாரியோவில் இதன் கடியால் இறந்ததாகப் பதிவானோர் இருவரே. அவையும் பல பத்தாண்டுகளுக்கு முன் நிகழ்ந்தவை. பாம்பைத் தொடவோ துரத்தவோ முயலும்போதே பல கடிகள் நேர்கின்றன.

கூடாரத்தருகே இதைக் கண்டால் குழந்தைகளை அப்பால் அழைத்துக்கொண்டு பூங்காப் பணியாளரிடம் சொல்லுங்கள். நல்லெண்ணத்தோடு நீங்களே பிடித்துத் தொலைவில் விட்டுவிட முயலாதீர்கள். பழகிய பொந்துக்குத் திரும்ப வழி தெரியாத பாம்பு அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது அரிது. இவ்விவரங்களைத் தங்கள் இதழின் கோடைகாலப் பக்கத்தில் ஆண்டுதோறும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ