யூ.பி.எஸ். கத்துவது யாருக்குக் கேட்கிறது?

பத்திராதிபர் அவர்கட்கு,

2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்படியான நாளில் சேர்வர் அறையில் பற்றரி மூலம் மின்சாரம் கொடுக்கும் யூ.பி.எஸ். கீச்சிட்டால் காவலாளிக்கு மட்டும்தான் கேட்கும். அதைக் கைபேசிக்குக் கொண்டுவரத்தான் எஸ்.என்.எம்.பி. (வலையமைப்புச் சாதனங்களைக் கண்காணிக்கும் நெறிமுறை) ட்ராப், அதாவது சாதனம் தானாக அனுப்பும் எச்சரிக்கைச் செய்தி, இருக்கிறது. கண்காணிப்பு மென்பொருள் வைத்திருந்தும் கொழும்பில் பல காரியாலயங்கள் இதைப் பாதியில் விட்டுவிடுகின்றன.

மென்பொருள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சாதனத்தின் 161ஆம் போர்ட்டில் (செய்தி நுழையும் வாசல் எண்) போய் விசாரிப்பது ஒரு வழி. ட்ராப் அதற்கு எதிர்ப்புறம்: கோளாறு வந்ததும் சாதனமே கண்காணிப்புச் சேர்வரின் 162ஆம் போர்ட்டுக்கு, கிடைத்ததா என்று பார்க்காத யூ.டி.பி. முறையில், அனுப்பும். ஃபயர்வோலில் 161ஐ மட்டும் திறந்துவிட்டு ட்ராப்பைத் தேடுகிறவர்கள் அநேகர்.

அதைவிடப் பெரிய பிழை வயரில் இருக்கிறது. யூ.பி.எஸ்.ஸின் நெட்வேர்க் கார்டிலிருந்து சேர்வர் வரை இடையிலுள்ள ஒவ்வொரு வலையமைப்புச் சுவிச்சும், வெளியே மின்னஞ்சல் அனுப்பும் ஃபைபர் ரவுட்டரும் பற்றரியில் ஓட வேண்டும். எட்டு போர்ட் சின்னச் சுவிச் ஒன்று சுவர் பிளக்கில் இருந்தால் போதும், மின்சாரம் போன கையோடு அதுவும் போய்விடும், ட்ராப்புக்குப் பாதையே இல்லை.

யூ.டி.பி.யில் தொலைந்த பொதி தொலைந்ததுதான். யூ.பி.எஸ்.களுக்கான பொதுத் தரப் பட்டியலான எம்.ஐ.பி.யில் பற்றரியில் ஓடும் அறிவிப்பு (அதன் எண் 1.3.6.1.2.1.33.2.1) நிமிடத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும், அதனால் ஒன்று தவறினாலும் பாதகமில்லை. சுவிச்சின் லிங்க் டவுன் (இணைப்பு அறுந்த அறிவிப்பு) அப்படியல்ல, ஒரே தடவைதான். முக்கியமான இணைப்புகளுக்கு, பதில் கேட்டு அனுப்பும் இன்ஃபோர்மைப் போடுங்கள். ஊழியர் மேசைப் போர்ட்களுக்கு லிங்க் ட்ராப்பையே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் காலை எட்டரைக்கு எல்லோரும் கணினியைப் போடும்போது வரும் குப்பையில் உண்மையான எச்சரிக்கை புதைந்துபோகும்.

லினக்ஸில் ட்ராப்பை வாங்கும் நெட்-எஸ்.என்.எம்.பி. மென்பொருளின் 5.3 பதிப்பு முதல், கொன்ஃபிக் கோப்பில் கொமியூனிட்டிக்கு (கடவுச்சொல் போன்ற பெயர்) அனுமதி வரி எழுதாவிட்டால் வரும் ட்ராப்பையெல்லாம் அது தள்ளிவிடும். வந்துசேரும் பொதிகளைக் காட்டும் டி.சி.பி. டம்ப் கருவியில் 162ஐப் பாருங்கள். பொதி அங்கே தெரிந்தும் லொக்கில் இல்லை என்றால் குற்றம் இந்த வரியில், அல்லது சேர்வரின் சொந்த ஃபயர்வோலில். டம்ப் அந்த ஃபயர்வோலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும்.

சபிக்ஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருள்கள் அனுப்பிய ஐ.பி. முகவரியை வைத்தே சாதனத்தை அடையாளம் காண்கின்றன. பல முகவரியுள்ள ரவுட்டர் வேறொன்றிலிருந்து அனுப்பினால் ட்ராப் அநாதையாகிவிடும்; ட்ராப் புறப்படும் முகவரியை (ட்ராப் சோர்ஸ்) லூப்பேக்கில், அதாவது ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் மாறாத முகவரியில், நிரந்தரமாக்குங்கள். கண்டி, யாழ்ப்பாணக் கிளைகள் என்.ஏ.டி.க்கு (பல சாதனங்களை ஒரே வெளி முகவரியில் காட்டும் முறை) பின்னால் இருந்தால் ஒரு கிளையின் சாதனங்கள் எல்லாம் ஒரே முகவரியில் வரும், அங்கே கிளையைத் தனிப் பாதையில் இணைக்கும் வி.பி.என். தேவை. எஸ்.என்.எம்.பி. வேர்ஷன் 3 என்றால் அனுப்பும் சாதனத்தின் எஞ்சின் ஐ.டி.யை (அதன் தனி அடையாள எண்) சேர்வரில் பதிய வேண்டும். சாதனத்தை மாற்றினால் ஐ.டி.யும் மாறும், ட்ராப் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

முழுக்க இறந்த சாதனம் ட்ராப் அனுப்பாது என்பதால் 161 விசாரிப்பையும் விட்டுவிட வேண்டாம்.

எல்லாம் போட்ட பிறகு, வேலை நேரம் முடிந்ததும் யூ.பி.எஸ்.ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். கைபேசிக்குச் செய்தி வந்ததும் திரும்பச் செருகுங்கள். எச்சரிக்கை நீங்கியதற்கு 1.3.6.1.2.1.33.2.4 என்று தனி எண்ணில் இன்னொரு ட்ராப் வரும். அதற்கும் விதி எழுதாவிட்டால் திரையில் சிவப்பு அப்படியே நிற்கும்.

வலையமைப்புப் பொறியியலாளர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06